மூன்று பேர் போதும்: ரஷ் இசைக்குழுவின் கதை

"கனடாவின் ரஷ் குழுவைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறேன். ஹிட் பாட்டு என்று தேடினால் ஒன்றிரண்டுதான் கண்ணில் படுகிறது. பிறகு எதற்கு இவ்வளவு கொண்டாட்டம்? எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?" இதுதான் கேள்வி. கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். இந்தக் குழுவைப் பாட்டுப் பட்டியலாகப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. கதை தெரிந்து கேட்டால் தானாகப் பிடிபடும்.

நீங்கள் கவனித்தது சரிதான். அமெரிக்காவின் டாப் 40 பட்டியலுக்குள் ரஷ் நுழைந்தது ஒரே ஒரு தடவை. 1982-ல் 'நியூ வேர்ல்ட் மேன்' என்ற பாட்டு 21-ஆம் இடம் வரை போனது. அதற்கு முந்தைய வருடம் பாடகர் கெடி லீ, தன்னோடு ஆரம்பப் பள்ளியில் படித்த நடிகர் ரிக் மொரானிஸின் நகைச்சுவை ஆல்பத்துக்காக ஒரு பாட்டுப் பாடிக் கொடுத்தார். அது 16-ஆம் இடம் வரை ஏறியது. ரஷ் குழுவின் எந்தப் பாட்டும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. ஆனால் அதே அமெரிக்காவில், கச்சேரிப் பதிவுகளையும் சேர்த்து, இவர்களுடைய 24 ஆல்பங்கள் நல்ல விற்பனைக்குத் தரும் தங்கச் சான்றிதழ் வாங்கின. அவற்றில் 14 பிளாட்டினம் வரை போயின. சிங்கிள் எனும் தனிப்பாட்டு விற்கவில்லை, ஆல்பம் விற்றது. ரேடியோ பெரிதாகக் கைகொடுக்கவில்லை, அரங்கம் நிறைந்தது. நாற்பது ஆண்டுகள் அப்படியே நடந்தது.

காரணம் என்ன என்று என்னைக் கேட்டால், மேடையில் இருந்த மூன்று பேர் என்பேன். 1974-லிருந்து 2015 வரை அதே மூவர். நான்காவதாக ஒருவரைச் சேர்க்கவில்லை, ஒருவர் விலகியபோது இன்னொருவரை வைத்து ஒப்பேற்றவும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டொரன்டோவின் வடக்கே வில்லோடேல் என்றொரு புறநகர். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரித் தெருக்கள், வாலிபப் பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டும் இடம். அங்கே பள்ளியில் சந்தித்துக்கொண்ட இரண்டு பையன்கள், இருவருமே குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள். கிட்டார் வாசித்தவர் அலெக்ஸ் லைஃப்சன். பெற்றோர் செர்பியர்கள், குடும்பப் பெயர் ஷிவோயினோவிச். அந்தப் பெயரில் 'உயிர்' என்ற பொருள் இருப்பதால் அதையே ஆங்கிலமாக்கி, 'உயிரின் மகன்' என்று பொருள்படும்படி லைஃப்சன் என்று வைத்துக்கொண்டார். பேஸ் கிட்டார் வாசித்துப் பாடியவர் கெடி லீ. இயற்பெயர் கேரி. போலந்தில் பிறந்த அவருடைய அம்மா, தன் உச்சரிப்பில் 'கேரி' என்று கூப்பிடுவது நண்பர்கள் காதில் 'கெடி' என்று விழுந்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கெடியின் பெற்றோர் இருவரும் போலந்து யூதர்கள். பதின்ம வயதில் ஆஷ்விட்ஸ் வதை முகாமில் இருந்து தப்பிப் பிழைத்தவர்கள். பிறகு அப்பாவை டாகாவ் முகாமுக்கும், அம்மாவை பெர்கன்-பெல்சன் முகாமுக்கும் கொண்டுபோனார்கள். போர் முடிந்ததும் அப்பா தேடிப்போய் அம்மாவைக் கண்டுபிடித்தார். திருமணம் முடித்துக் கனடா வந்து சேர்ந்தார்கள். கெடிக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பா இறந்துவிட, அம்மா தனியாகக் கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். மகனின் முதல் ஆல்பம் வந்ததும் அந்த அம்மா கடை முழுக்க ரஷ் போஸ்டர்களை ஒட்டி, காசில்லாத பிள்ளைகளுக்கு ஆல்பத்தைச் சும்மாவே எடுத்துக் கொடுத்தாராம். படிப்பை விட்டுவிட்டுக் கிட்டாரோடு அலைந்த மகன் அவன்.

1968-ல் குழு தொடங்கியது. அப்போது டிரம்ஸ் வாசித்தவர் ஜான் ரட்ஸி. முதல் கச்சேரி ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். பள்ளி நடன நிகழ்ச்சிகளில் வாசித்து வாசித்துப் பழகினார்கள். 1971-ல் ஒன்டாரியோ மாகாணம் மது அருந்தும் வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்தது. திடீரென்று பார்களில் இளைஞர் கூட்டம், அவர்களுக்கு ராக் இசை வேண்டும். ரஷ் குழுவுக்கு வாரம் முழுக்க வேலை கிடைத்தது இப்படித்தான். ஒரு சட்டத் திருத்தம் ஒரு இசைக்குழுவை வளர்த்தது என்று சொன்னால் மிகையில்லை.

கனடாவின் ரெக்கார்டு கம்பெனிகள் எதுவும் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மேலாளர் ரே டேனியல்ஸ் சொந்தமாகவே மூன் ரெக்கார்ட்ஸ் என்ற லேபிளைத் தொடங்கினார். இரவு பாரில் வாசித்து முடித்துவிட்டு, ஸ்டூடியோ வாடகை குறைவாக இருக்கும் நள்ளிரவுக்கு மேல் போய் ரெக்கார்டிங் செய்தார்கள். 1974-ல் வந்த அந்த முதல் ஆல்பத்தில் பிரிட்டனின் புகழ்பெற்ற ராக் குழுவான லெட் செப்பலினின் வாடை பலமாகவே அடிக்கும். மறைப்பதற்கில்லை.

அந்த ஆல்பம் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் டபிள்யூ.எம்.எம்.எஸ். என்ற வானொலி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இசைத் தேர்வைக் கவனித்துக்கொண்டிருந்த டோனா ஹால்ப்பர் என்ற பெண்மணி, கடைசிப் பாட்டான 'வொர்க்கிங் மேன்' மீது ஊசியை வைத்தார். ஏழு நிமிடப் பாட்டு. காலையில் எழுந்து வேலைக்குப் போய், மாலையில் களைத்து வீடு திரும்பும் ஒரு தொழிலாளியின் புலம்பல். கிளீவ்லாந்தோ எஃகு ஆலைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர். பாட்டு ஒலிபரப்பானதும் தொலைபேசி ஓயவில்லை. லெட் செப்பலினின் புதுப் பாட்டா என்று கேட்டவர்களும் உண்டு. மெர்க்குரி ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம் போட்டது. அமெரிக்கச் சுற்றுப்பயணம் உறுதியானது.

அந்த நேரம் பார்த்து டிரம்மர் விலகினார். ரட்ஸிக்கு நீரிழிவு, நீண்ட பயணங்களை உடல் தாங்காது. கையில் இருந்ததோ சில வாரங்கள். அப்போது ஆடிஷனுக்கு வந்தவர் நீல் பியர்ட். செயின்ட் கேத்தரின்ஸ் ஊர்க்காரர், அப்பாவின் விவசாயக் கருவிக் கடையில் உதிரிபாகப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தார். இசைக்காக லண்டன் போய்ப் பார்த்து, ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தவர். ஓட்டை ஃபோர்ட் பின்டோ காரில், டிரம்களைக் குப்பைத் தொட்டிகளில் வைத்துக்கொண்டு, அரைக்கால் சட்டையோடு வந்து இறங்கினாராம். லைஃப்சனுக்குப் பிடிக்கவில்லை. வாசிக்கத் தொடங்கியதும் கெடி முடிவு செய்துவிட்டார். 1974 ஜூலை 29, கெடியின் பிறந்தநாளன்று பியர்ட் குழுவில் சேர்ந்தார். இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 14-ல் பிட்ஸ்பர்க் நகரில் பத்தாயிரம் பேருக்கு மேல் கூடிய அரங்கில் முதல் கச்சேரி.

பாட்டு எழுத மற்ற இருவருக்கும் விருப்பமில்லை. புதியவர் எப்போது பார்த்தாலும் புத்தகமும் கையுமாக இருந்தார். சரி, நீயே எழுது என்றார்கள். அப்படித்தான் டிரம்மரே குழுவின் கவிஞர் ஆனார். இது அபூர்வம். இசை அமைப்பது இருவர், சொல் ஒருவருடையது, அந்தச் சொல்லைப் பாடுவது எழுதாதவர். பியர்ட் எழுதியதைக் கெடி தன் வாயில் வராத வரி என்றால் திருப்பிக் கொடுப்பார், பியர்ட் திருத்தித் தருவார். கடைசி வரை இதுவே முறை.

இப்போது நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்பும் இடம் வருகிறது. 1975-ல் வெளிவந்த மூன்றாவது ஆல்பம் 'கேரஸ் ஆஃப் ஸ்டீல்' படுதோல்வி. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, ரேடியோவில் போட எதுவும் இல்லை. கூட்டம் வராத சிறு கிளப்புகளில் வாசித்தார்கள். அந்தப் பயணத்துக்கு அவர்களே வைத்த பெயர் 'சாக்கடையில் போகும் பயணம்' என்பது போன்ற ஒன்று. ரெக்கார்டு கம்பெனி கைகழுவத் தயாரானது. அடுத்த ஆல்பத்தில் சின்னச் சின்னப் பாட்டாக, முதல் ஆல்பம் மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றது. லைஃப்சன் அப்பாவோடு பிளம்பிங் வேலைக்குத் திரும்புவது பற்றி யோசித்தார். பியர்ட் உதிரிபாகக் கடைக்குத் திரும்புவது பற்றி யோசித்தார்.

மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். எப்படியும் மூழ்கத்தான் போகிறோம், நமக்குப் பிடித்ததைச் செய்துவிட்டே மூழ்குவோம் என்று முடிவெடுத்தார்கள். மறுபடியும் ஒரு பக்கம் முழுக்க, இருபது நிமிடம் ஓடும் ஒரே பாட்டு. அதுதான் 1976-ல் வந்த '2112'.

கதை இது. 2112-ஆம் ஆண்டு. மனிதர்கள் எதைப் படிக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் பூசாரிகளின் ஆட்சி ஒன்று தீர்மானிக்கிறது. ஒருவன் அருவிக்குப் பின்னாலுள்ள குகையில் ஒரு பழைய கிட்டாரைக் கண்டெடுக்கிறான். அது என்னவென்றே அவனுக்குத் தெரியாது. இந்த இடத்தில் லைஃப்சன் செய்திருப்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம். சுருதி சேராத கிட்டாரின் திறந்த கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். முறுக்கிச் சுருதி சேர்க்கிறார். தடுமாறித் தடுமாறி இரண்டு சுரம், பிறகு ஒரு கோர்ட், பிறகு மெல்ல ஒரு மெட்டு. இசை என்ற ஒன்றை முதல் முறையாகத் தொடுகிறவனின் விரல் எப்படித் திணறும் என்பதை, வாத்தியத்தில் கைதேர்ந்த ஒருவர் வாசித்துக் காட்டுகிறார். அவன் அதைப் பூசாரிகளிடம் கொண்டுபோகிறான். அவர்கள் நொறுக்கிப் போடுகிறார்கள். கம்பெனியோடு அவர்களுக்கு இருந்த சண்டை முழுவதும் இந்தக் கதையில் இருக்கிறது.

அந்த ஆல்பம் ஓடியது. அமெரிக்கப் பட்டியலில் 61-ஆம் இடம்தான், ஆனால் விற்பனை நிற்கவே இல்லை. காலப்போக்கில் அங்கே மட்டும் முப்பது லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அதன் பிறகு எந்தக் கம்பெனியும் இவர்கள் ஆல்பம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லத் துணியவில்லை.

ஒரு கசப்பும் இதோடு வந்தது. தனிமனிதனே எல்லாவற்றுக்கும் மேல் என்று வாதிட்ட எழுத்தாளர் அய்ன் ராண்டின் பாதிப்பில் அந்தக் கதையை எழுதிய பியர்ட், ஆல்பத்தில் அவருக்கு நன்றியும் போட்டிருந்தார். 1978-ல் பிரிட்டனின் ஒரு இசைப் பத்திரிகை இதை வைத்து, குழுவைக் கிட்டத்தட்ட பாசிஸ்டுகள் என்று எழுதிவிட்டது. ஆஷ்விட்ஸில் உயிர் தப்பியவர்களின் மகன் பாடும் குழுவைப் பற்றி! கெடியை அது ஆழமாகக் காயப்படுத்தியது. பியர்ட் பிற்காலத்தில் ராண்டின் கருத்துகளிலிருந்து விலகி வந்துவிட்டார். இருபது வயதுகளில் படித்த ஒரு புத்தகத்தை வைத்து ஒருவரை ஆயுள் முழுக்க எடைபோடுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

1977, 78-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள ராக்ஃபீல்ட் ஸ்டூடியோவில் இரண்டு ஆல்பங்கள் செய்தார்கள். அதில் ஒன்பதரை நிமிடம் ஓடும் 'லா வில்லா ஸ்ட்ராஞ்சியாட்டோ' என்ற வாத்திய இசையை ஒரே மூச்சில் பதிவு செய்யப் பிடிவாதமாக முயன்று, நாள்கணக்கில் தோற்று, கடைசியில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினார்கள். தாங்களே எழுதியதைத் தாங்களே வாசிக்க முடியாத நிலை. அங்கேதான் திசையை மாற்றினார்கள். இனி நீளத்தைக் குறைப்போம், நுணுக்கத்தைக் குறைக்க வேண்டாம்.

கியூபெக்கின் மோரின் ஹைட்ஸ் என்ற மலை ஊரில், ஏரிக்கரையில் பெரிய கண்ணாடிச் சன்னலோடு லே ஸ்டூடியோ என்றொரு ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. இப்போது இல்லை, 2017-ல் தீப்பிடித்து எரிந்துவிட்டது. 1980-ல் வந்த 'பர்மனென்ட் வேவ்ஸ்', 1981 பிப்ரவரியில் வந்த 'மூவிங் பிக்சர்ஸ்' இரண்டும் அங்கே உருவானவை. 'மூவிங் பிக்சர்ஸ்' கனடாவில் முதலிடம், அமெரிக்காவில் மூன்றாமிடம். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதிலும் இதுதான். இங்கிருந்து தொடங்குங்கள்.

முதல் பாட்டு 'டாம் சாயர்'. சின்தசைசரின் உறுமலோடு ஆரம்பிக்கும். நடுவில் பாட்டு நின்று வாத்தியங்கள் மட்டும் வரும் இடத்தில் தாளம் நான்கிலிருந்து ஏழுக்கு மாறும். மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுக்கு அந்த ஏழை எண்ணுவது சிரமமில்லை. கேட்கிற மேல்நாட்டு ரசிகர்களில் பலருக்கு அது ஏழு என்பதே தெரியாது, தெரியாமலே தலையாட்டுவார்கள். அதுதான் இவர்கள் செய்த வித்தை.

மூன்றாவதாக வரும் 'ஒய் ஒய் ஸெட்' பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். விமான நிலையங்களுக்கு மூன்றெழுத்துக் குறிகள் உண்டல்லவா, டொரன்டோ விமான நிலையத்தின் குறி அது. விமானிகளுக்கு வழிகாட்டும் கருவி அந்த மூன்று எழுத்தையும் மோர்ஸ் தந்தி ஒலியில் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். பறந்து வீடு திரும்பும்போது அந்த ஒலியைக் கேட்ட இவர்கள், இதில் ஒரு தாளம் இருக்கிறதே என்று பிடித்துக்கொண்டார்கள்.

மோர்ஸில் நீண்ட ஒலி ஒன்று, குறுகிய ஒலி ஒன்று. நாம் பள்ளியில் படித்த நெடில், குறில் மாதிரியே வைத்துக்கொள்ளலாம். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று. 'ஒய்' என்ற எழுத்து நெடில், குறில், நெடில், நெடில். வாயால் சொல்லிப் பாருங்கள்: தா த தா தா. ஏழு மாத்திரை. இரண்டாவது 'ஒய்'க்கு மறுபடி ஏழு. 'ஸெட்' என்பது நெடில், நெடில், குறில், குறில்: தா தா த த. ஆறு. மொத்தம் இருபது மாத்திரை. இதை இப்படியே வைத்துத்தான் அந்த இசை தொடங்குகிறது. பியர்ட் முதலில் சிறு வெண்கலத் தட்டுகளில் மெல்லத் தட்டுவார். அப்புறம் கிட்டாரும் பேஸும் அதே கணக்கில் இடிபோல இறங்கும். தா த தா தா, தா த தா தா, தா தா த த. இரண்டு முறை வாயால் சொல்லிவிட்டுக் கேட்டால் போதும், அந்த முதல் அரை நிமிடம் உங்கள் வசமாகிவிடும். ஊர் திரும்புகிறவனுக்கு ஊர் தன் பெயரைச் சொல்லி வரவேற்பது போன்ற ஒரு சத்தத்தை ஹார்ட் ராக் ஆக்கியிருக்கிறார்கள். இந்த இசையில் ஒரு சொல் கூடக் கிடையாது. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மேடையில் இதை மூன்று பேர் மட்டும் வாசித்தார்கள் என்பதையும் யோசியுங்கள். கெடி பாடுவார், இரண்டு கையாலும் பேஸ் வாசிப்பார் அல்லது கீபோர்டுக்குத் தாவுவார். காலடியில் ஹார்மோனியப் பெட்டிக்குக் கால் முளைத்தது போல ஒரு பெடல் வரிசை இருக்கும். கை ஓயாதபோது காலால் மிதித்து அடிச்சுரம் தருவார். கூடுதலாக ஒரு கீபோர்டு கலைஞரை வைத்துக்கொள்ளச் சொல்லாதவர்கள் இல்லை. மாட்டேன் என்றுவிட்டார்கள். ஆல்பத்தில் கேட்பதை மேடையில் நாங்களே தர முடியவில்லை என்றால், அது எங்கள் திறமைக் குறைவு என்பது அவர்கள் கணக்கு.

எண்பதுகளை வேகமாகக் கடக்கிறேன். 1982-ல் வந்த 'சிக்னல்ஸ்' முதல் கீபோர்டு கை ஓங்கியது, லைஃப்சனின் கிட்டார் பின்னால் போனது, அவருக்கு அதில் வருத்தமும் இருந்தது. பழைய தயாரிப்பாளர் டெர்ரி பிரவுனும் அந்த ஆல்பத்தோடு பிரிந்தார். அந்தக் கால ஆல்பங்களில் எனக்குச் சிலது குளிர்ச்சியாகப் படுகிறது. ஆனால் இரண்டு பாட்டுகளை விடக்கூடாது. ஒன்று 'சப்டிவிஷன்ஸ்': வில்லோடேல் போன்ற புறநகரில் எந்தக் கும்பலிலும் சேர முடியாமல் ஒதுங்கி நின்ற பிள்ளைகளைப் பற்றியது. ரஷ் ரசிகர்களில் பெரும்பாலோர் அப்படி ஒதுங்கி நின்றவர்கள்தான். தங்களைப் பற்றி ஒருவர் பாடிவிட்டார் என்று இன்றும் கண்கலங்குவார்கள்.

இன்னொன்று 1984-ல் வந்த 'ரெட் செக்டர் ஏ'. கெடி ஒருமுறை அம்மாவிடம், முகாமிலிருந்து விடுதலை கிடைத்தபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டாராம். விடுதலை என்று ஒன்று வரும் என்றே அம்மா நம்பவில்லை. வெளியே ஒரு உலகம் மிச்சம் இருந்தால் இப்படியொரு கொடுமையை விட்டுவைத்திருக்குமா, ஆகவே உலகமே அழிந்துவிட்டது, மிஞ்சியது நாங்கள்தான் என்று நினைத்திருந்தாராம். அந்த நினைப்பைத்தான் பியர்ட் பாட்டாக எழுதினார். மகன் பாடினார். அந்தப் பாட்டில் கெடி பேஸ் கிட்டாரைத் தொடவில்லை, கீபோர்டு மட்டும்தான். கீழே தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாதது போல அந்தப் பாட்டு அந்தரத்தில் நிற்கும்.

தொண்ணூறுகளில் கிட்டார் மறுபடி முன்னுக்கு வந்தது. 1993-ல் 'கவுன்டர்பார்ட்ஸ்' அமெரிக்காவில் இரண்டாம் இடம். அந்தச் சமயத்தில் பியர்ட் செய்த ஒரு காரியம் எனக்கு எப்போதும் வியப்பு. உலகத்தின் தலைசிறந்த டிரம்மர் என்று வருடா வருடம் பத்திரிகைகள் ஓட்டெடுத்து அறிவித்துக்கொண்டிருந்த காலம். நாற்பது வயதைத் தாண்டிய அவர், ஃப்ரெடி க்ரூபர் என்ற மூத்த ஆசிரியரிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்து, குச்சியைப் பிடிக்கும் முறையிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிப் பழகினார். மாதக்கணக்கில் தினமும் தனியாக அடித்துப் பழகிவிட்டுத்தான் அடுத்த ஆல்பத்துக்கு வந்தார்.

1997 பிப்ரவரியில் மூவருக்கும் கனடா நாட்டின் உயரிய கௌரவங்களில் ஒன்றான ஆர்டர் ஆஃப் கனடா விருது வழங்கப்பட்டது. ஒரு ராக் குழுவுக்கு அந்த கௌரவம் கிடைத்தது அதுவே முதல் முறை. ஜூலையில் சுற்றுப்பயணம் முடிந்தது. ஆகஸ்ட் 10-ஆம் தேதி, கல்லூரிக்குக் காரில் கிளம்பிய பியர்டின் 19 வயது ஒரே மகள் விபத்தில் இறந்துபோனாள். பத்து மாதம் கழித்து மனைவியும் புற்றுநோயில் போய்விட்டார். அது புற்றுநோய் மட்டுமல்ல, மனம் உடைந்ததுதான் காரணம் என்று பியர்ட் எழுதியிருக்கிறார். மகளின் இறுதிச் சடங்கிலேயே மற்ற இருவரிடமும், நான் ஓய்வு பெற்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அலாஸ்கா, மெக்சிகோ, பெலீஸ் என்று மொத்தம் 88,000 கிலோமீட்டர். எங்கேயாவது ஒரு இடத்தில் நின்றால் நினைவுகள் பிடித்துக்கொள்ளும் என்ற பயத்தில் ஓடிய ஓட்டம். அவர் இருக்கும் இடம் தெரியாமல் மற்ற இருவரும் அஞ்சல் அட்டைகளுக்காகக் காத்திருந்தார்கள். ரஷ் என்ற பெயருக்கு அப்போது சந்தையில் பெரிய மதிப்பு இருந்தது, எந்த டிரம்மரைக் கூப்பிட்டாலும் ஓடி வந்திருப்பார். கெடியும் லைஃப்சனும் ஒருவரையும் கூப்பிடவில்லை. கெடி ஒரு தனி ஆல்பம் செய்தார், மற்றபடி இருவரும் காத்திருந்தார்கள். வற்புறுத்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரஷ் குழுவின் சாதனை எது என்று கேட்டால் அந்த ஐந்து வருட மௌனத்தையும் நான் கணக்கில் சேர்ப்பேன்.

பியர்ட் மறுமணம் செய்துகொண்டார். 2001-ல் திரும்பி வந்தார். ஒரு வருடத்துக்கு மேல் உழைத்து, 2002-ல் 'வேப்பர் டிரெயில்ஸ்' வந்தது. அந்த ஆல்பத்தைப் போட்டதும் முதலில் கேட்பது டிரம்ஸ் மட்டும். பாட்டு இல்லை, கிட்டார் இல்லை, இரட்டை பேஸ் டிரம்மில் பியர்ட் ஓடி வருகிறார். வந்துவிட்டேன் என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆல்பத்தின் ஒலிக்கலவை காதைப் பிளக்கும் அளவுக்கு உரக்க இருந்தது உண்மை, 2013-ல் அதைச் சரிசெய்து மறுபடி வெளியிட்டார்கள். கேட்பதானால் அந்தத் திருத்திய பதிப்பைக் கேளுங்கள்.

அதன் பின் பதின்மூன்று வருடம் இன்னொரு வாழ்க்கை. 2012-ல் வந்த 'கிளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்' அவர்களுடைய 19-ஆவது ஸ்டூடியோ ஆல்பம், கடைசி ஸ்டூடியோ ஆல்பமும்கூட. அறுபதை நெருங்கும் மூவர் செய்ததாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு வேகம். 2013-ல், தகுதி வந்து ஏறத்தாழ பதினைந்து வருடம் தள்ளிப் போட்டுவிட்டு, ராக் இசையின் கௌரவப் பட்டியலான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டார்கள். விமர்சகர்கள் காலம் காலமாக ஒதுக்கிய குழு அது. விழா மேடையில் ரஷ் என்ற பெயரைச் சொன்னதும் அரங்கம் அடங்க மறுத்தது.

2015-ல் கடைசிச் சுற்றுப்பயணம், 35 கச்சேரிகள். பியர்டின் தோளும் காலும் ஒத்துழைக்கவில்லை, லைஃப்சனின் விரல்களில் மூட்டுவாதம். கச்சேரியைப் பின்னோக்கி நடத்தினார்கள். புதுப் பாட்டில் தொடங்கி, வருடம் வருடமாகப் பின்னால் போவார்கள். போகப் போக மேடையிலிருந்த சாமான்களை ஆட்கள் வந்து கழற்றிக் கொண்டுபோவார்கள். கடைசியில் மேடை ஒரு பள்ளி ஜிம்னாசியம் ஆகிவிடும், நாற்காலி மேல் ஒரு ஆம்ப்ளிஃபையர் மட்டும் இருக்கும். அந்த நிலையில் வாசித்து முடித்தது 'வொர்க்கிங் மேன்'. கிளீவ்லாந்தில் அந்தப் பெண்மணி ஊசி வைத்த அதே பாட்டு. ஆகஸ்ட் 1, லாஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம் அரங்கில் கடைசி இரவு. கச்சேரி முடிந்ததும் நேராகக் கிளம்பிவிடுவதுதான் பியர்டின் வழக்கம். தன் டிரம்ஸைத் தாண்டி மேடையின் முன்பகுதிக்கு அவர் வந்ததே இல்லை. அன்று எழுந்து முன்னால் வந்தார். இருவரையும் பின்னாலிருந்து தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

2016-ல் பியர்டுக்கு மூளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. மூன்றரை வருடம் போராடி, 2020 ஜனவரி 7-ல் இறந்தார். மூன்று நாள் கழித்துத்தான் உலகத்துக்கே தெரியும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார், நண்பர்கள் காப்பாற்றிக் கொடுத்தார்கள். குழு மறுபடி எப்போது என்று கேட்டவர்களிடமெல்லாம் பூசி மெழுகிப் பேசிக்கொண்டு, அவ்வப்போது கலிஃபோர்னியாவுக்குப் பறந்துபோய் அவரோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்கள்.

இப்போது நிலவரம் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். பல வருடத் தயக்கத்துக்குப் பிறகு, 2025 அக்டோபரில் கெடியும் லைஃப்சனும் 2026 சுற்றுப்பயணத்தை அறிவித்தார்கள், பியர்ட் குடும்பத்தின் ஆசியோடு. டிரம்ஸ் வாசிப்பவர் ஜெர்மனியைச் சேர்ந்த அனிகா நில்லெஸ், பிரிட்டனின் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கோடு வாசித்தவர். தொடக்கம் அதே லாஸ் ஏஞ்சலிஸ் ஃபோரமில் என்று அறிவிப்பு. ரசிகர்களில் சிலருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. எனக்கு இல்லை. பதினைந்து வயதிலிருந்து சேர்ந்து வாசிக்கும் இரண்டு நண்பர்கள், எழுபதைத் தாண்டியும் அறையில் உட்கார்ந்து அந்தப் பழைய மெட்டுகளைத் தொட்டுப் பார்த்தபோது விட மனம் வரவில்லை என்றால் அது இயல்புதானே.

சரி, எப்படிக் கேட்பது? 'மூவிங் பிக்சர்ஸ்' முழுதாக, வரிசை மாற்றாமல். கெடியின் உச்சஸ்தாயிக் குரல் முதலில் பலருக்கு ஒத்துவராது, எனக்கும் ஒரு மாதம் பிடித்தது. அப்போது பாட்டை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள், குரல் தானாகப் பழகிவிடும். பிறகு '2112' முதல் பக்கம், இருட்டில், ஹெட்ஃபோனோடு. பிறகு 'சப்டிவிஷன்ஸ்'. முதல் இரண்டு ஆல்பங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதற்கப்புறம் 'ரஷ் இன் ரியோ' என்ற கச்சேரிப் பதிவைத் தேடி எடுங்கள். பியர்ட் திரும்பி வந்த அதே 2002, நவம்பர் 23, பிரேசிலின் மரக்கானா மைதானம், நாற்பதாயிரம் பேர். ரஷ் அந்த நாட்டுக்குப் போனது அதுவே முதல் பயணம். மழையில் லாரிகள் தாமதமாகி, ஒலிச் சோதனைகூடச் செய்ய நேரமில்லாமல் மேடை ஏறினார்கள். 'ஒய் ஒய் ஸெட்' ஆரம்பிக்கிறது. ஒரு சொல்லும் இல்லாத இசை என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கூட்டம் அதைப் பாடுகிறது. கிட்டார் போகிற போக்கிலெல்லாம் நாற்பதாயிரம் தொண்டைகள் துள்ளிக்கொண்டே போகின்றன, ஒரு மாத்திரை பிசகாமல்.